துண்டை எவ்வளவு விலக்குவது: செவிலியப் பணியின் அறமும் நிகழ்த்துகலையும்

படுத்த படுக்கையாக இருப்பவரின் உடம்பைத் துடைத்துவிடுவதற்குச் செவிலியப் படிப்பில் ஒரு வரிசை கற்றுத்தருவார்கள். முதலில் திரையை இழுத்து மூட வேண்டும். தண்ணீர் 40 முதல் 43 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். கண்களில் தொடங்க வேண்டும். சோப்பு கூடாது. மூக்கை ஒட்டிய முனையிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும், ஒரு கண்ணைத் தொட்ட துணிப்பகுதி அடுத்த கண்ணுக்குப் போகக் கூடாது. பிறகு முகம், கழுத்து, கைகள், மார்பு, வயிறு, கால்கள், முதுகு. மறைவிடம் கடைசியில், புதுத் தண்ணீரில், புதுத் துணியால், முன்னிருந்து பின்னாக. எந்தப் பகுதியைத் துடைக்கிறோமோ அது மட்டும் திறந்திருக்க, மற்றதெல்லாம் போர்வைக்குள் இருக்க வேண்டும்.

இதில் தொற்றைத் தடுக்கும் விதி எது, மனிதரை மதிக்கும் விதி எது என்று பிரிக்கப் பார்த்தால் முழுதாகப் பிரியாது. போர்வையை ஒரே வீச்சில் உருவி எறிந்துவிட்டுத் துடைத்தாலும் உடம்பு சுத்தமாகும். இரண்டு மூன்று நிமிடம் மிச்சப்படும். சார்ட்டில் ‘உடல் துடைக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்தும் போடலாம். குளிரில் அம்மணமாகக் கிடந்தவருக்கு என்ன ஆயிற்று என்பதை எழுத அந்தச் சார்ட்டில் கட்டம் கிடையாது. பன்னாட்டுச் செவிலியர் மன்றம் 1953-இல் ஏற்று, கடைசியாக 2021-இல் திருத்திய அறநெறிக் கோவை நோயாளியின் கண்ணியத்தைக் காக்கச் சொல்கிறது. சொல்வது சரி. ஆனால் விடியற்காலையில் ஈர விரிப்பை மாற்றிக்கொண்டிருக்கும் ஒருவருக்குக் கண்ணியம் என்பது, துண்டை எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு விலக்குவது என்ற கேள்வியாகத்தான் வந்து நிற்கும்.

கையின் அசைவிலும் நேரத்திலும் பார்வையிலும் ஒளிந்திருக்கும் இந்த அறத்தைச் சொற்களால் எடுத்துக்காட்டுவது கடினம். நிகழ்த்துகலையின் (performance art) கச்சாப்பொருளே கையசைவும் நேரமும் பார்வையும்தான். சில பத்தாண்டுகளாகக் கலைஞர்களும் செவிலியக் கல்வியாளர்களும் இந்தக் கலையை நோயாளியின் படுக்கைக்கு அருகே கொண்டுவந்ததற்குக் காரணம் இதுவே. அது எங்கே உதவுகிறது, எங்கே பிசகுகிறது, அப்படி ஒரு நிகழ்வைச் செய்வதென்றால் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதே இங்கே பேச இருப்பது.

நாடகத்தையும் நிகழ்த்துகலையையும் முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். நாடகத்தில் வெறும் பேசினைக் கொண்டுவந்து அதில் வெந்நீர் இருப்பதாக நடிக்கலாம். நிகழ்த்துகலையில் தண்ணீர் இருக்கும், சூடாக இருக்கும், பத்து நிமிடத்தில் ஆறத் தொடங்கும். ஆறிய தண்ணீர் பட்டதும் படுத்திருப்பவரின் தோல் சிலிர்ப்பது பார்வையாளருக்குத் தெரியும். செய்கை உண்மையானது, காலம் உண்மையானது, உடம்பும் உண்மையானது. மருத்துவக் கல்விக்கு நடிப்பு புதிதன்று. 1963-இலேயே ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர், பயிற்சி பெற்ற ஒருவரை நோயாளியாக நடிக்கவைத்து மாணவர்களைச் சோதிக்கும் முறையைத் தொடங்கினார். இன்று உலகெங்கும் தேர்வுகளில் அது புழங்குகிறது. அந்த முறை மாணவரின் திறனை அளக்கப் பிறந்தது. நோயாளியாக நடிப்பவரிடம் எழுதிய வசனமும் மதிப்பெண் பட்டியலும் இருக்கும். நிகழ்த்துகலையில் அளக்கும் வேலை கிடையாது. படுத்திருப்பவர் என்ன செய்வார் என்பது முன்கூட்டியே தீர்மானமாகி இருக்காது.

இனி, எந்த அறத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்ப்போம். விதிகளையும் உரிமைகளையும் கொண்டு அறத்தை அளந்துவந்த உளவியலில், உறவுகளையும் பொறுப்பையும் முன்வைத்து யோசிப்பது முதிர்ச்சிக் குறைவாகக் கணிக்கப்பட்டது. அந்தக் கணிப்பை 1982-இல் உளவியலாளர் கரோல் கிலிகன் கேள்வி கேட்டார். 1984-இல் தத்துவ அறிஞர் நெல் நாடிங்ஸ், பராமரிப்பைப் பெறுபவர் அதைப் பராமரிப்பாக உணர்ந்து ஏற்கும்வரை அந்த உறவு முழுமையாகாது என்று வாதிட்டார். 1990-இல் பெண்ணிய அறிஞர்களான பெரனிஸ் ஃபிஷரும் ஜோன் டிரான்டோவும் பராமரிப்பை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்கள். தேவை இருப்பதைக் கவனிப்பது, அதற்குப் பொறுப்பேற்பது, கையால் செய்வது, செய்ததைப் பெற்றவர் எப்படி எதிர்வினை செய்கிறார் என்று பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பண்பை டிரான்டோ பிறகு சேர்த்தார்: கவனம், பொறுப்பு, திறன், எதிர்வினைக்கு இடம் கொடுத்தல்.

இவற்றில் மூன்றாவதும் நான்காவதும் செவிலியத்துக்கு உயிரானவை. திறனை அறப் பண்பாக வைத்தது பெரிய மாற்றம். எவ்வளவு பரிவு இருந்தாலும், புரட்டத் தெரியாமல் விரிப்பின் மேல் இழுத்துப் புரட்டினால் முதியவரின் தோல் உரசிக் கிழியும். பரிவு இருந்தது என்பதற்காக அந்தக் காயம் காயமில்லாமல் போகாது. நான்காவது கட்டம், பெற்றவரின் மறுமொழி. செவிலியத்தைப் பற்றிச் செய்யப்படும் நிகழ்வுகளில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான். ஒரு நிகழ்வு தேறுமா தேறாதா என்பதை இந்த ஒன்றை வைத்தே சொல்லிவிடலாம். பராமரிப்பவரின் நல்லதனம் மட்டும் மேடையில் மின்னி, படுத்திருப்பவர் மேசைபோல அசையாமல் கிடந்தால், அங்கே நடந்தது பராமரிப்பின் பாதிகூட இல்லை.

நம் மொழியே இதைப் பற்றிச் சில செய்திகளை வைத்திருக்கிறது. மருத்துவம் நான்கு கூறு உடையது என்கிறது குறள் 950: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். பக்கத்திலேயே இருந்து செய்பவரை மருத்துவருக்குச் சமமான ஒரு கூறாக எண்ணியதோடு, நோயாளியையும் வெறும் களமாக விடாமல் ஒரு கூறாகச் சேர்த்தது அந்தக் கணக்கு. ‘செவிலி’ என்ற சொல்லுக்கு வேறு வரலாறு. சங்கப் பாடல்களில் தலைவியை வளர்த்த தாய் செவிலி. அந்தச் சொல் இன்று ஒரு தொழிலின் பெயராகியிருக்கிறது. வார்டில் நாம் கூப்பிடுவதோ ‘சிஸ்டர்’. தாய், சகோதரி என்று உறவுப் பெயர் சூட்டும்போது அன்பு கிடைக்கிறது. கூடவே, கற்றுத் தேர்ந்த கைத்திறன் பெண்ணுக்கு இயல்பாக வருவது போன்ற தோற்றமும் வந்துவிடுகிறது. இயல்பாக வருவதற்குக் கூலியை உயர்த்திக் கேட்பது கடினம்.

இந்த மறைப்பைக் கலையில் முதலில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களில் அமெரிக்கக் கலைஞர் மியர்ல் லேடர்மன் யூக்லஸ் முக்கியமானவர். முதல் குழந்தை பிறந்தபின், 1969-இல், அவர் பராமரிப்புக் கலைக்கான ஓர் அறிக்கை எழுதினார். துடைப்பது, துவைப்பது, குழந்தைக்கு டயபர் மாற்றுவது ஆகியவற்றை இனிக் கலையாகவே செய்யப்போவதாக அறிவித்தார். 1973-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் வாட்ஸ்வொர்த் ஏதனீயம் அருங்காட்சியகத்தில் அவர் செய்த நிகழ்வுகளில், படிகளையும் தரையையும் மணிக்கணக்கில் தேய்த்துக் கழுவியதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். செவிலியத்துக்கு நெருக்கமானது அதே தொடரில் வந்த இன்னொன்று. அங்கே மம்மி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டியை வழக்கமாகத் துடைப்பவர் துப்புரவுத் தொழிலாளி. யூக்லஸ் அந்தக் கண்ணாடியைத் துடைத்து, அதைப் பராமரிப்புக் கலைப் படைப்பு என்று அறிவித்து முத்திரை குத்தினார். உடனே அது கலைப்பொருளாகிவிட்டது. கலைப்பொருளைத் தொடும் உரிமை துப்புரவுத் தொழிலாளிக்குக் கிடையாது, கலைப்பொருள்களைப் பேணிக்காக்கும் வல்லுநருக்குத்தான் உண்டு. எனவே அடுத்து அதே கண்ணாடியை அதே வகையில் துடைக்க வேண்டியவர் வல்லுநர்.

கை ஒன்று, துணி ஒன்று, கண்ணாடி ஒன்று. யார் செய்தார்கள் என்பதைப் பொறுத்து வேலையின் மதிப்பு மூன்று விதமானது. வார்டில் தினமும் இது நடக்கிறது. காயத்துக்குக் கட்டுப்போடுவது மருத்துவர் செய்தால் சிகிச்சை, செவிலியர் செய்தால் பணிவிடை, வீட்டில் மருமகள் செய்தால் கடமை.

யூக்லஸ் 1979 ஜூலை முதல் 1980 ஜூன் வரை நியூயார்க் நகரின் துப்புரவுத் தொழிலாளர்கள் 8,500 பேரையும் தேடிப்போய், ஒவ்வொருவரோடும் கைகுலுக்கி, நகரை உயிரோடு வைத்திருப்பதற்காக நன்றி சொன்னார். இதோடு 2020-ஐ ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு மார்ச் 26 தொடங்கிப் பத்து வாரம், வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பிரிட்டனில் மக்கள் வாசலில் நின்று மருத்துவப் பணியாளர்களுக்காகக் கைதட்டினார்கள். இதுவும் ஒரு நிகழ்த்துதல்தான், தட்டியவர்களின் நெகிழ்ச்சியும் பொய்யில்லை. ஆனால் தட்டிய கைக்கும் பாராட்டப்பட்ட கைக்கும் இடையே தொடுதல் இல்லை, மறுமொழிக்கு வழியும் இல்லை. யூக்லஸ் கைகுலுக்கியபோது எதிரே நின்றவர் பதில் சொல்ல முடிந்தது. தங்களை எப்படியெல்லாம் இழிவாக நடத்துகிறார்கள் என்று தொழிலாளர்கள் அவரிடம் சொன்னார்கள், அதுவும் படைப்பின் பகுதியானது. நன்றி சொல்லும் நிகழ்வை யாராவது திட்டமிட்டால், நன்றி பெறுபவர் எந்த நொடியில் வாய் திறப்பார் என்று முதலில் கேட்டுவிட வேண்டும்.

தொடுதலை நேராகக் கையில் எடுத்தவர் ஏட்ரியன் ஹவல்ஸ். 2014-இல் மறைந்த இந்தப் பிரிட்டன் கலைஞர் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பார்வையாளருக்காக நிகழ்த்தினார். வந்தவரின் கால்களைக் கழுவி, துடைத்து, எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டார். இன்னொரு படைப்பில் குளிப்பாட்டி, ஊட்டி, அணைத்துக்கொண்டார். ஒவ்வொரு படியிலும் அனுமதி கேட்டார். இங்கே பார்வையாளரே பராமரிப்பைப் பெறுபவர். வேறொருவர் கவனிக்கப்படுவதை நாற்காலியில் அமர்ந்து ரசிக்க முடியாது. கால் கழுவப்படும்போது வரும் கூச்சம், நன்றிக்கடன் பட்டுவிட்டோமோ என்ற தவிப்பு, திருப்பி ஏதாவது செய்ய வேண்டும் என்ற உந்துதல், இவை எல்லாம் உதவி வாங்கும் நோயாளி நாள்தோறும் சுமப்பவை. செவிலிய மாணவர் ஒருவர் தன் சொந்தக் கால்களில் அவற்றை ஒருமுறை உணர்ந்துவிட்டால், ‘ஏன் இந்தப் பாட்டி வேண்டாம் வேண்டாம் என்கிறார்’ என்ற கேள்விக்கு விடை தேடிப் போக வேண்டியதில்லை.

எதிர்த்திசையிலும் ஒரு முக்கியமான நிகழ்வு உண்டு. 1974-இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் நிகழ்த்துகலைஞர் மரினா அப்ரமோவிச் 72 பொருள்களை மேசையில் வைத்துவிட்டு, எதையும் தன்மேல் பயன்படுத்தலாம் என்று சொல்லி ஆறு மணி நேரம் எதிர்ப்பில்லாமல் நின்றார். ரோஜா, இறகு, தேன் ஆகியவை இருந்தன. கத்தரி, கத்தி, துப்பாக்கி, ஒரு குண்டு ஆகியவையும் இருந்தன. மென்மையாகத் தொடங்கி, ஆடையை வெட்டுவதும் காயப்படுத்துவதும் வரை போனது. குண்டு போட்ட துப்பாக்கி கழுத்துக்கு வந்தபோது பார்வையாளர்களில் சிலரே தடுத்தார்கள். இதை மனிதனுக்குள் மிருகம் என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுவது வழக்கம். செவிலியத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொன்று தெரியும். மறுமொழி சொல்லாத உடம்பின் முன்னால், பொறுப்பு யாருடையது என்று யாரும் வரையறுக்காத அறையில், எல்லை கொஞ்சம் கொஞ்சமாக நகரும். நினைவிழந்தவரின் படுக்கையைச் சுற்றி நின்று அவரைப் பற்றியே பேசுவதும், பேசத் தெரியாத நோயாளியிடம் கை முரடாவதும் இதே வழியில் நடப்பவை. ஒரே நாளில் யாரும் அங்கே போய்ச் சேர்வதில்லை.

நிகழ்த்துகலைஞர்கள் லிண்டா மொன்டானோவும் தேச்சிங் ஷியேவும் 1983 ஜூலை 4 முதல் ஓராண்டு முழுவதும் எட்டடிக் கயிற்றால் இடுப்பில் பிணைந்து, ஒருவரையொருவர் தொடாமல் வாழ்ந்ததும் இந்த வரிசையில் வரும். வீட்டிலேயே ஒருவரை ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்பவர்களுக்கு அந்தக் கயிறு விளக்கமில்லாமலே புரியும்.

நோயாளியே படைப்பாளி ஆகும்போது எல்லாம் தலைகீழாகிறது. நுரையீரலை அடைக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயோடு வாழ்ந்த பாப் ஃபிளனகன், தன் துணைவர் ஷெரி ரோஸுடன் சேர்ந்து 1992-இல் சான்டா மோனிகா அருங்காட்சியகத்துக்குள் ஒரு மருத்துவமனை அறையை அமைத்து, அதன் கட்டிலில் தானே படுத்து, பார்வையாளர்களோடு பேசிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் பார்வை நேரத்தில் வந்த உறவினர்கள் ஆனார்கள். என்ன பேசுவது, எவ்வளவு நேரம் நிற்பது, எப்போது கிளம்புவது என்ற தடுமாற்றம் அவர்களுடையது. பேச்சை நடத்தியவர் படுத்திருந்தவர். நான்காவது கட்டம் முதல் கட்டமாக வந்து உட்கார்ந்த படைப்பு இது.

இனிச் செய்முறை. செவிலிய மாணவர்களுக்கோ பொதுப் பார்வையாளர்களுக்கோ ஒரு மணி நேர நிகழ்வு ஒன்றை அமைப்பதாக வைத்துக்கொள்வோம். கை, முகம், முழங்காலுக்குக் கீழே கால், இவற்றை மட்டும் துடைத்தால் போதும். முழு உடம்பையும் திறப்பதால் அதிகமாக எதுவும் கிடைக்காது, பார்வையாளரின் கவனம் அம்மணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

தேவைப்படுபவை: உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கட்டில் ஒன்று, பேசின் 2, சிறு துணிகள் 6, பெரிய துண்டுகள் 3, போர்வை ஒன்று, தண்ணீருக்கான வெப்பமானி, மாற்றுத் தண்ணீருக்கு மூடியுள்ள ஃபிளாஸ்க், வாசனை இல்லாத சோப்பு. கட்டிலின் உயரம் துடைப்பவரின் இடுப்பளவு இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் இருபது நிமிடத்தில் முதுகு பிடித்துக்கொள்ளும், அந்த வலி கையின் மென்மையைத் தின்றுவிடும். பார்வையாளர் 12 முதல் 15 பேருக்கு மேல் வேண்டாம். அவர்களைக் கால்மாட்டில் நிற்கவைப்பது மிகப் பெரிய தவறு. மேலிருந்து கீழே பார்ப்பது ரவுண்ட்ஸ் வரும் கூட்டத்தின் பார்வை. தாழ்வான இருக்கைகளைத் தலைமாட்டின் இரு பக்கமும் போட்டு, படுத்திருப்பவரின் கண்மட்டத்துக்கு அவர்கள் கண்களைக் கொண்டுவர வேண்டும். அப்போது துடைக்க வரும் கை எவ்வளவு பெரிதாக, எவ்வளவு திடீரென்று வருகிறது என்பது அவர்களுக்கும் தெரியும்.

அதே வேலையை மூன்று முறை செய்ய வேண்டும். முதல் சுற்று ஆறு நிமிடம்: விதிப்படி, வேகமாக, பேச்சில்லாமல். இரண்டாவது சுற்று பதினைந்து நிமிடம்: அதே வரிசை, மெதுவாக, மென்மையாக, அப்போதும் பேச்சில்லாமல். மூன்றாவது சுற்றுக்கு நேரம் குறிக்கக் கூடாது. படுத்திருப்பவர் சொல்லும் வரிசையில், சொல்லும் இடத்தில், சொல்லும் வேகத்தில் செய்ய வேண்டும். முகத்தை நானே துடைத்துக்கொள்கிறேன் என்றால் துணியைப் பிழிந்து கையில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

நிகழ்வின் உள்ளடக்கம் இரண்டாவது சுற்றுக்கும் மூன்றாவது சுற்றுக்கும் இடையே இருக்கிறது. இரண்டாவது சுற்று பார்க்க அழகாக இருக்கும், பலர் அதையே பராமரிப்பின் உச்சம் என்று எண்ணிக் கண்கலங்குவார்கள். மூன்றாவது சுற்று அழகாக இருக்காது. தயக்கம் இருக்கும், தண்ணீர் சிந்தும், ‘அங்கே இல்லை, இன்னும் கொஞ்சம் மேலே’ என்று திருத்தம் வரும். சில நேரம் முதல் சுற்றைவிடச் சீக்கிரமாகவே முடிந்துவிடும், ஏனென்றால் எல்லோரும் நீண்ட மென்மையை விரும்புவதில்லை. முடித்துவிட்டுப் போர்வையைப் போர்த்திவிடுங்கள் என்று சொல்பவரும் உண்டு. மெதுவாகச் செய்வதே நல்லது என்ற முன்முடிவு அங்கே உடைய வேண்டும்.

இந்த முன்முடிவைப் பற்றிக் கூடுதலாக எச்சரிக்க வேண்டியிருக்கிறது. ஒரு ஷிப்டில் பலரைக் கவனிக்க வேண்டிய செவிலியரின் முன்னால், ஒரே உடம்போடு முக்கால் மணி நேரம் செலவிடும் நிகழ்வை நிகழ்த்திக் காட்டினால், ‘நீங்கள் இப்படிச் செய்வதில்லையே’ என்ற குற்றச்சாட்டாகவே அது போய்ச்சேரும். ஆள் பற்றாக்குறை ஒரு நிர்வாக முடிவு. அதைத் தனிமனிதரின் மனக்குறையாக மாற்றுவது அநீதி. இதைத் தவிர்க்க ஒரு வழி, முதல் சுற்றின்போது பக்கத்து அறையில் அழைப்பு மணியைத் தொடர்ந்து அடிக்கவைப்பது. துடைப்பவர் அந்த மணியைக் கேட்டுக்கொண்டே துடைக்கிறார். அவர் அவசரத்தின் காரணம் பார்வையாளரின் காதிலும் ஒலித்துக்கொண்டிருக்கும்.

நிறுத்தச் சொல்லும் அடையாளத்தை முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். கையைத் தூக்குவது, விரலை அழுத்துவது போன்றவை சரிப்படாது, துடைக்கும் கை அந்தக் கையையே பிடித்திருக்கலாம். படுத்திருப்பவரின் ஒரு கையில் சிறு மரப்பந்து ஒன்றைக் கொடுத்து, அதைத் தரையில் போட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று வைத்துக்கொள்வது நல்லது. சத்தம் எல்லோருக்கும் கேட்கும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒத்திகையில் குறைந்தது ஒரு முறையாவது காரணமே இல்லாமல் பந்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். போட்டுப் பழகாதவர், கூட்டத்தின் முன்னால் நிகழ்வைக் கெடுத்துவிடுவோமோ என்று பொறுத்துக்கொள்வார். வார்டில் நோயாளிகள் பொறுத்துக்கொள்வதும் இப்படித்தான்.

நீண்ட நேர நிகழ்வு வேண்டுமென்றால் இன்னொரு வடிவம் இருக்கிறது. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது பழைய நடைமுறை. இன்று நோயாளியின் நிலையையும் மெத்தையின் வகையையும் பார்த்து இடைவெளியை முடிவு செய்கிறார்கள். எலும்பு துருத்தும் இடங்களில், குறிப்பாக இடுப்பின் பின்பக்கம், இடுப்பெலும்பின் ஓரம், குதிகால் ஆகிய இடங்களில், அழுத்தம் நுண்ணிய இரத்தக் குழாய்களை மூடிவிட்டால் திசு பட்டினி கிடந்து சாகும். படுக்கைப் புண் அப்படித்தான் உருவாகிறது. பன்னிரண்டு மணி நேரம் ஓர் அறையைத் திறந்து வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருவர் வந்து ஒருவரைப் புரட்டிவிட்டுப் போகும் நிகழ்வில், பெரும்பாலான நேரம் எதுவும் நடக்காது. வந்து பார்ப்பவர்களில் பலர் எதையும் காணாமல் திரும்புவார்கள். செவிலியத்தின் வெற்றி கண்ணுக்குத் தெரியாதது, வராத புண்ணை யாரும் படம் எடுப்பதில்லை. அதை வேறெப்படிக் காட்டுவது!

ஆனால் இதில் ஆபத்து உண்டு. நலமான உடம்பு தன்னையறியாமல் அடிக்கடி அசைந்துகொண்டே இருக்கும். அசையக் கூடாது என்று கட்டளையிட்டால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வலிக்கத் தொடங்கிவிடும். எனவே படுத்திருப்பவர்கள் மூன்று பேர் மாறி மாறி இருக்க வேண்டும், யாருக்கும் தொடர்ச்சியாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது, வலித்தால் அசைந்துகொள்ள முழு உரிமை உண்டு. புரட்டும்போது முழுப் பக்கவாட்டில் சாய்த்தால் எடை முழுவதும் ஒரு இடுப்பெலும்பில் இறங்கும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி மட்டும் சாய்ப்பதே முறை. கெண்டைக்காலின் கீழே தலையணை வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கவே கூடாது, தூக்கப்படுபவரின் தோள்மூட்டும் தூக்குபவரின் முதுகும் ஒன்றாகக் கெடும். வழுக்கும் துணியை அடியில் விரித்து இருவராக நகர்த்த வேண்டும். புரட்டுபவர்களில் ஒருவராவது பயிற்சி பெற்ற செவிலியராக இருக்க வேண்டும். திறன் இல்லாத கையை அன்பின் அடையாளமாக மேடையேற்றுவது பொய்.

கையுறையையும் இதே காரணத்துக்காகச் சொல்ல வேண்டும். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் தொடுவதை மனிதநேயத்தின் உச்சமாகக் காட்டும் நிகழ்வுகள் உண்டு. இரத்தமும் மலமும் சலமும் படும் இடத்தில் கையுறை கட்டாயம், அங்கே அதைக் கழற்றுவது அடுத்த நோயாளிக்குச் செய்யும் துரோகம். கையைப் பிடித்து நடக்கவைக்கவும், தலைவாரி விடவும் கையுறை தேவையில்லை, அங்கே போட்டுக்கொள்வதுதான் மனதைப் புண்படுத்தும். எந்த நொடியில் போடுவது, எந்த நொடியில் கழற்றுவது என்ற முடிவில் இருக்கிறது அறம். உலக சுகாதார நிறுவனம் சொல்வதுபோல் கைகழுவ 40 முதல் 60 நொடி, சானிடைசர் தேய்க்க 20 முதல் 30 நொடி ஆகும். அந்த நொடிகளைச் சுருக்காமல் முழுதாக மேடையில் விட வேண்டும். ஒவ்வொரு தொடுதலுக்கு முன்னும் பின்னும் வரும் அந்தக் காத்திருப்பு, நிகழ்வுக்கு இயல்பான தாளத்தைக் கொடுக்கும்.

அருவருப்பைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் கலை அதிலிருந்து அடிக்கடி ஓடிவிடுகிறது. மேடையில் நாற்றம் இருப்பதில்லை. ஆனால் செவிலியரின் உழைப்பில் பெரும் பங்கு, குமட்டலை முகத்தில் காட்டாமல் இருப்பதில் போகிறது. இப்படி முகத்தையும் உணர்வையும் வேலையின் தேவைக்கேற்ப ஆளுவதை உணர்வு உழைப்பு என்று 1983-இல் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் பெயரிட்டார், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து அவர் கண்டது அது. செவிலியர் நோயாளியின் முன்னால் ஏற்கெனவே நிகழ்த்திக்கொண்டிருக்கிறார். அதை மேடையில் திரும்ப நிகழ்த்துவதைவிட, நிகழ்த்துவதற்கு முந்தைய நொடியைக் காட்டுவதே வலுவானது. நடுவில் ஒரு கதவு. ஒரு பக்கம் நோயாளியின் அறை, மறுபக்கம் நடைவழி. பார்வையாளருக்கு நடைவழி மட்டும் தெரியும். உள்ளிருந்து குரல்கள் மட்டும் கேட்கும். செவிலியர் கதவுக்கு வெளியே நின்று மூச்சை இழுத்து, முகத்தைச் சரிசெய்துகொண்டு உள்ளே போகிறார், சற்று நேரத்தில் வெளியே வந்து சுவரில் சாய்கிறார், அடுத்த கதவுக்கு நடக்கிறார். நோயாளியின் உடம்பை ஒரு நொடிகூடக் காட்டாமல் செய்ய முடிவதால் அறச் சிக்கலும் குறைவு.

உண்மையான நோயாளிகளைச் சேர்ப்பதா என்ற கேள்விக்கு எளிய பதில் இல்லை. தன் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்லக்கூடியவர், ஃபிளனகனைப் போல எதைக் காட்டுவது என்பதைத் தானே தீர்மானிப்பவர் என்றால், தாராளமாக. மறதி நோய் முற்றியவர், நினைவு தப்பியவர், மருத்துவ உதவிக்கு அமைப்பாளர்களையே நம்பியிருப்பவர் ஆகியோரை மேடைக்குக் கொண்டுவரக் கூடாது. குடும்பத்தினர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் கூடாது. சம்மதம் ஒரு முறை வாங்கி ஃபைலில் வைக்கும் காகிதமாக இருந்தால் போதாது. அழைக்கும்போது, நிகழ்வு தொடங்கும் முன், ஒவ்வொரு தொடுதலுக்கும் முன் என்று திரும்பத் திரும்பக் கேட்கப்பட வேண்டும். வார்டில் எடுத்த குரல்பதிவுகளையும் படங்களையும் ‘பெயரை நீக்கிவிட்டோம்’ என்று சொல்லிப் பயன்படுத்துவதும் சரியில்லை, குரலே ஒருவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பார்வையாளர்களுக்குள் யார் இருப்பார்கள் என்று தெரியாது. வீட்டில் இப்போதே ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர், அண்மையில் ஒருவரை இழந்தவர், தொடுதலால் காயப்பட்டவர் இருக்கலாம். என்ன நடக்கும் என்பதை நுழைவிலேயே பளிச்சென்று எழுதி வைக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகும்படி கதவு பார்வையில் படும் இடத்தில் இருக்க வேண்டும். முடிந்தபின் அரை மணி நேரமாவது உட்கார்ந்து பேச இடமும், கேட்கப் பழகிய ஒருவரும் தேவை. அந்தப் பேச்சில் முதலில் படுத்திருந்தவர் பேச வேண்டும், அடுத்துத் துடைத்தவர், அதன் பிறகே பார்வையாளர்கள். வரிசையை மாற்றிவிட்டால் பார்வையாளர்களின் நெகிழ்ச்சி அறையை நிரப்பிவிடும், ‘தண்ணீர் ஆறிப்போயிருந்தது, சொல்லத் தயங்கினேன்’ என்ற வரி வெளியே வராது.

கடைசியாக, அமைப்பாளர்கள் நோட்டீசில் போட மறக்கும் வேலை. புரட்சி முடிந்த பிறகு திங்கட்கிழமை காலையில் குப்பையை யார் எடுப்பார்கள் என்று யூக்லஸின் 1969 அறிக்கை கேட்டது. ஆறு துணிகளும் மூன்று துண்டுகளும் அன்றைக்கே சுடுநீரில் துவைக்கப்பட வேண்டும், பேசின்களைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும், கட்டிலைத் துடைக்க வேண்டும். சுமார் நாற்பது நிமிட வேலை. அதற்கான ஆட்களின் பெயரும் நிகழ்த்தியவர்களின் பெயர்களோடு அதே எழுத்தளவில் அச்சாக வேண்டும். படுத்திருப்பவருக்கும், துடைப்பவருக்கும், துவைப்பவருக்கும் மணிக்கணக்கில் ஒரே ஊதியம் என்பதைத் திட்டச் செலவிலேயே எழுதிவிட வேண்டும்.